நூற்றைம்பது குதிரைகள்

குறிகட்டுவானில் பாதை கட்டியிருந்தது.
எங்கள் பேச்சில் அந்த மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர்.
பாதை இல்லாத இடத்திலும் ஓடும் என்று
விற்றவன் சத்தியம் பண்ணிய டபுள் கப்
பாதையில் ஏறித்தான் நெடுந்தீவுக்கு வந்தது.
வழிநெடுக அதன் வலப்பக்கக் கதவில்
கடல் உப்பைத் துப்பிக்கொண்டே வந்தது.

முன்னர் நுவரெலியாவில் ஓடியதாம்.
சாரதி இருக்கைக்கடியில் ஒரு தேயிலைக் கொழுந்து
சருகாகிக் கிடந்தது. எறியவில்லை.
மலையிறக்கத்தில் தானாகவே பிரேக் பிடிக்க
ஒரு சுவிச் இருக்கிறது.
"உது என்னத்துக்கு இஞ்ச?" என்றான் பரஞ்சோதி.
இந்தத் தீவில் நான் இறங்கிய உயர்ந்த இடம்
தண்ணீர்த் தாங்கியின் ஏணி.
ஆனாலும் ஒருக்கால் அமத்திப் பார்த்தோம்.
மஞ்சள் விளக்கு எரிந்தது.
மலை வரவில்லை.

நிலத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்.
குனிந்து கையை விட்டு அளந்தேன்.
ஒரு சாண் வயிற்றுக்காக ஓடுகிற எங்களுக்கு
வயிற்றை ஒரு சாண் தூக்கிக்கொண்டு ஓடுகிற இதைப்
பார்த்த உடனே பிடித்துப்போனது.
முருகைக்கல் துருத்தும் ஒழுங்கையில்
ஓட்டோக்கள் எண்ணெய் சிந்திய இடங்களையெல்லாம்
கவட்டுக்குள் விட்டுக் கடந்தது.

ஒரு சில்லு மணலில் கிறுகிறுவென்று சுத்த
மறு சில்லு பார்த்துக்கொண்டு நிற்குமே,
கந்தோரில் பக்கத்து மேசைக்காரன் மாதிரி,
அப்போது இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒரு பூட்டு.
அதைப் போட்டால் திருப்புவது கரைச்சல்.
நேரே போகலாம், பிடிவாதமாக.
என் மூத்த மச்சானின் குணம்.

கூரை உயரத்துக்கு ஒரு மூச்சுக்குழாய்.
கழுத்தளவு ஆற்றைக் கடக்கவாம்.
ஆவணியில் இங்கே கேணிகளின் அடிச்சேறும்
வெடித்துக் கிடக்கிறது.
குழாயின் மேல் காகம் வந்து குந்தும்.

சுமை ஒரு தொன் என்று எழுதியிருக்கிறது.
ஆயிரம் லீற்றர் தண்ணீரும் ஒரு தொன்.
எழுதியவன் கணக்குத் தெரிந்தவன்.
தாங்கியின் பாரத்தையும்
அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகிற
பரஞ்சோதியின் பாரத்தையும் அவன் அறியான்.
பின்பக்க வில்லுத்தகடுகள் முனகின.
"காலமை புட்டைக் குறைச்சிருக்கலாம்" என்றேன்.
காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை.

தெற்கு வெளியில் றோட்டு முடிந்தது.
முடிந்தது என்று யாரும் எழுதி நடவில்லை,
இருந்தது, பிறகு இல்லை.
நாலு சில்லுக்கும் இழுவை. அடிக்கியர்.
நடக்கிற மனிசன் எங்களை முந்தலாம்.
நடக்க அங்கே ஒருவருமில்லை.

இயந்திரத்துக்குள் நூற்றைம்பது குதிரை என்கிறது புத்தகம்.
வெளியில் நின்றவை பதினேழு.
விலாவை எண்ணலாம். ஒன்றுக்கு எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

சீமெந்துத் தொட்டிக்குப் பின்பக்கமாக எடுத்தேன்.
சின்னத் திரையில் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு,
சிவப்புக் கோடு,
சிவப்புக்குள் ஒரு குட்டியின் மூக்கு.
வாகனம் பீப் பீப் என்று பதறியது.
குட்டி விலகவில்லை. நான் நிறுத்தினேன்,
நூற்றைம்பதையும், ஒரு திறப்பில்.

குழாய் ஆறடி போதவில்லை.
மிச்சத்துக்கு வாளி.
இரும்பு டிக், டிக் என்று ஆறும் சத்தம்,
அதற்கு மேலே பதினேழு தொண்டைகள்
இழுக்கும் சத்தம்.
நாங்கள் கதைக்கவில்லை.

குடித்தால் போய்விடும் என்றுதான் நினைத்தோம்.
நான் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தேன்.
வயசான பெட்டை ஒன்று, இடது காது கிழிந்தது,
கதவடிக்கு வந்து மணந்தது.
பிறகு நாக்கை நீட்டிக்
கடல் ஒட்டிவிட்டுப் போன உப்பை நக்கத் தொடங்கியது,
கைபிடியிலிருந்து கீழே, ஆறுதலாக.
இன்னும் மூன்று வந்தன.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அகன்ற சாம்பல் நாக்கு.

"இறங்காதை" என்றான் பரஞ்சோதி
தாங்கிக்கு மேலேயிருந்து.
"கதவு முடியட்டும்."